வீட்டை விற்கப் போகிறீர்களா?

ஒரு வீடு விலைக்கு வருகிறது என்ற செய்தியை ஊருக்கு முதலில் அறிவிப்பவர் தரகர் அல்லர், வண்ணம் பூசுபவரே. ஆண்டுக்கணக்கில் தூரிகை படாத திண்ணைக்கு ஒரு நாள் திடீரென்று மெருகு ஏறுகிறது. கறை படிந்த சுவர்மீது பட்டி இழுக்கப்படுகிறது. துருப்பிடித்த சன்னல் கம்பிகள் கருமை பூண்டு பளபளக்கின்றன. முற்றத்தில் குவிந்து கிடந்த பழைய சாமான்கள் போன இடம் தெரியவில்லை. இத்தனை அழகான வீடா இது என்று அதிலேயே பிறந்து வளர்ந்தவர்களும் வியக்கிறார்கள்.

வாசகப் பெருமக்களே! விற்கும் பொருளைத் தூய்மையாக்கி வைப்பது குற்றமன்று. தூய்மையை ஈமானோடு இணைத்துப் பேசும் மார்க்கம் நம்முடையது. ஒட்டடை அடியுங்கள், ஒழுகும் குழாயை மாற்றுங்கள், உடைந்த ஓட்டை எடுத்துவிட்டுப் புது ஓடு போடுங்கள். வாங்க வருபவர் மூக்கைப் பொத்திக்கொண்டு நடக்கும்படி வீட்டை வைத்திருப்பது எவ்வகையிலும் சிறப்பாகாது. ஆனால், சீர்செய்தல் வேறு, மூடிமறைத்தல் வேறு. இரண்டிற்கும் ஒரே தூரிகைதான் பயன்படுகிறது. ஒரே ஆள்தான் கூலி பெறுகிறார். வேறுபாடு, அந்த ஆளை ஏவுகின்ற நம் நெஞ்சில் இருக்கிறது. ‘இந்தச் சுவரைச் சரிசெய்’ என்று சொல்கிறோமா? ‘இந்தச் சுவரைத் தெரியாமல் செய்’ என்று சொல்கிறோமா? வீட்டை விற்பவர் முதலில் தம்மையே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இது.

மதீனாவின் கடைத்தெருவில் நடந்ததை நீங்கள் அறிவீர்கள். அண்ணல் நபி (ஸல்) அவர்கள் ஒரு தானியக் குவியலுக்குள் கையை நுழைத்தார்கள். விரல்களில் ஈரம் தட்டுப்பட்டது. இஃது என்னவென்று வினவியபோது, மழையில் நனைந்துவிட்டதென வியாபாரி விடையிறுத்தார். அப்படியானால் மக்கள் பார்க்கும்படி நனைந்ததை மேலே வைத்திருக்கலாகாதா என்று கேட்ட பெருமானார் (ஸல்) அவர்கள், ஏமாற்றுபவர் தம்மைச் சார்ந்தவரல்லர் என்று எச்சரித்ததாக முஸ்லிம் நூலில் பதிவாகியுள்ளது.

இந்நிகழ்ச்சியில் ஒரு நுட்பம் இருக்கிறது. மழையைப் பெய்வித்தவர் அந்த வியாபாரி அல்லர். தானியம் நனைந்தது அவருடைய குற்றமும் அன்று. நனைந்த தானியத்தை விற்கக் கூடாதென்றும் அவருக்குச் சொல்லப்படவில்லை. ஈரம் குற்றமன்று; ஈரத்தின்மேல் உலர்ந்ததைப் பரப்பியதே குற்றம்.

இனி நம் வீடுகளுக்கு வருவோம். காயல்பட்டினம், கீழக்கரை, நாகூர், அதிராம்பட்டினம் போன்ற நம் கடற்கரை ஊர்களில் பழைய சுண்ணாம்புக் காரை வீடுகள் உள்ளன. உப்புக்காற்றும் நிலத்தடி ஈரமும் சேர்ந்து அவற்றின் சுவர்களில் ஓதம் ஏறுவது இயல்பு. சுண்ணாம்புச் சுவர் அந்த ஈரத்தை மெல்ல மெல்ல வெளியே விட்டுவிடும். அதன்மேல் சிமெண்டையும் பட்டியையும் பூசி மூடினாலோ ஈரம் வெளியேற வழியின்றி உள்ளேயே தங்கும். மேலும் உயரே ஏறும். கோடையில் ஒன்றும் தெரியாது. வடகிழக்குப் பருவமழை பிடித்ததும் வண்ணம் கொப்புளிக்கும், உப்புப் பூக்கும், பட்டி பாளம் பாளமாக உதிரும். சித்திரையில் வாய்மூடி நின்ற சுவர் ஐப்பசியில் பேசத் தொடங்கிவிடும்.

இதைப் பிறருக்கு உபதேசமாக மட்டும் நான் எழுதவில்லை. பல ஆண்டுகளுக்கு முன், என் தந்தையாரின் மறைவுக்குப் பின், கடலோர ஊரில் இருந்த எங்கள் வீட்டை விற்றோம். அதன் மேற்குச் சுவர் எப்போதும் ஓதம் காக்கும். பட்டி பூசினால் ஆறு மாதத்துக்கு ஒன்றும் தெரியாது என்றார் வேலை செய்தவர். அந்த ஆறு மாதம் எனக்குப் போதுமானதாக இருந்தது. வாங்கியவர் அரபு நாட்டில் நெடுங்காலம் உழைத்துச் சேமித்தவர். தம் மகளுக்காக வாங்கினார். சுவரைப் பற்றி அவர் என்னைக் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

அவ்வாண்டு மழைக்காலத்தில் ஒரு நிக்காஹுக்காக ஊர் சென்றிருந்தேன். அவர் வற்புறுத்தி வீட்டுக்கு அழைத்துச் சென்றார். நான் பிறந்த கூடத்தில் என்னையே விருந்தினனாக அமர்த்தித் தேநீர் தந்தார். மேற்குச் சுவரையொட்டி ஒரு பெரிய இரும்புப் பீரோ, சன்னலைப் பாதி மறைத்துக்கொண்டு, பொருந்தாத இடத்தில் நின்றது. தரையில் அதை இழுத்த தடம் அப்போதுதான் பட்டதுபோல் இருந்தது. பீரோவின் ஓரத்தில் உதிர்ந்துகொண்டிருந்த பட்டியைக் கண்டதும் எனக்குப் புரிந்துவிட்டது. விருந்தாக வந்தவன் வெட்கப்படக் கூடாதே என்று, அவர் அந்தச் சுவரை என் கண்ணிலிருந்து மறைத்திருந்தார். நான் என் இலாபத்துக்காக மறைத்த குறையை, அவர் என் மானத்துக்காக மறைத்தார்!

அந்தத் தேநீர் என் தொண்டைக்குள் இறங்கவில்லை. மறுநாள் கொத்தனாரை அழைத்துச் சென்று, பழைய பூச்சைச் செதுக்கிச் சுவரைச் செப்பனிட ஆகும் செலவைக் கணக்கிட்டு அவரிடம் கொடுத்தேன். வாங்க மறுத்தார். இந்த உலகத்திலேயே கணக்கை முடித்துக்கொள்ள எனக்கு உதவுங்கள் என்று மன்றாடிய பின்னரே ஏற்றுக்கொண்டார்.

‘பார்த்துத்தானே வாங்குகிறார்? பார்க்க வேண்டியது அவர் பொறுப்பு’ என்று சிலர் வாதிடுவர். மார்க்கம் அப்படிச் சொல்லவில்லை. குறையுள்ள பொருளை அக்குறையை எடுத்துரைக்காமல் தன் சகோதரனுக்கு விற்பது ஒரு முஸ்லிமுக்கு ஆகுமானதன்று என்ற கருத்தில் அமைந்த நபிமொழி இப்னு மாஜாவில் இருக்கிறது. நாட்டின் சட்டமும் அப்படிச் சொல்லவில்லை. 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம், 55-ஆம் பிரிவில் இதைத் தெளிவாக விதிக்கிறது. விற்பவருக்குத் தெரிந்து வாங்குபவருக்குத் தெரியாததும், சாதாரணக் கவனத்தோடு பார்த்தால் கண்டுபிடிக்க முடியாததுமான முக்கியக் குறையை, அது சொத்தில் இருந்தாலும் உரிமை மூலத்தில் இருந்தாலும், விற்பவர் எடுத்துச் சொல்லியாக வேண்டும்.

‘சொன்னால் விலை குறையுமே’ என்பது அடுத்த வாதம். ஆம், குறையும். குறைய வேண்டியதுதான் நியாயம். அந்தத் தொகை உங்களுக்கு உரியதாக எப்போதும் இருந்ததில்லை. நல்ல சுவருக்கு உரிய விலையைக் கெட்ட சுவருக்குப் பெறுவது இலாபம் ஆகாது. இதற்கு எளிய வழியும் உண்டு. கொத்தனாரையும் தச்சரையும் அழைத்து வீட்டைக் காட்டுங்கள். ஓதம், தளக் கசிவு, உத்தரத்தில் கறையான், கோடையில் உப்புக்கரிக்கும் கிணறு, மழைக்காலத்தில் நிறைந்துவிடும் கழிவுநீர்த் தொட்டி, பக்கத்து வீட்டாரோடு உள்ள நடைவழித் தகராறு அனைத்தையும் ஒரு தாளில் எழுதுங்கள். செப்பனிட ஆகும் செலவையும் அருகில் குறியுங்கள். வருபவர் கையில் அத்தாளைக் கொடுத்துவிட்டு, அதன் பிறகு விலை பேசுங்கள். விற்பவரும் வாங்குபவரும் உண்மை பேசிக் குறைகளைத் தெளிவுபடுத்தினால் அவ்வாணிபத்தில் பரக்கத் உண்டாகும். பொய்யுரைத்து மறைத்தால் அந்தப் பரக்கத் அழிக்கப்படும் என்ற நபிமொழியின் கருத்தை ஹகீம் இப்னு ஹிஸாம் (ரலி) அவர்கள் வாயிலாக புகாரீ நூல் நமக்குத் தருகிறது.

சுவரும் தளமும் வீட்டின் உடல் என்றால், பத்திரமும் பங்கும் அதன் உயிர். வெள்ளையடிக்கக் காட்டும் அவசரத்தில் நூற்றில் ஒரு பங்கையேனும் நாம் இதில் காட்டுவதில்லை. தந்தையார் காலமாகி ஆண்டுகள் பல கடந்திருக்கும்; பாகப்பிரிவினை நடந்திராது. பட்டா பாட்டனார் பெயரில் இருக்கும். மூலப்பத்திரம் யாரிடம் இருக்கிறது என்றே தெரியாது. வாங்குபவர் முன்பணத்தோடு வந்து நிற்கும்போதுதான், ‘தங்கச்சி ஒரு கையெழுத்துப் போட வேண்டும்’ என்ற நினைவு அண்ணன்மார்களுக்கு வருகிறது.

அந்த ஒரு கையெழுத்தின் பெறுமதி என்ன? ஒரு கணக்குப் பாருங்கள். மனைவியையும் இரண்டு மகன்களையும் ஒரு மகளையும் விட்டுவிட்டு ஒருவர் மறைகிறார். அவருடைய கடனும் வஸிய்யத்தும் நிறைவேற்றப்பட்ட பின் எஞ்சிய வீடு 40 இலட்சம் ரூபாய்க்கு விலைபோகிறது. திருமறையின் நிஸா அத்தியாயம் வகுத்தபடி, மனைவிக்கு எட்டில் ஒன்று, 5 இலட்சம். எஞ்சிய 35 இலட்சத்தில் மகன்களுக்குத் தலா 14 இலட்சம்; மகளுக்கு 7 இலட்சம். விடுதலைப் பத்திரத்தில் தங்கை இடும் கையெழுத்தின் பெறுமதி 7 இலட்சம் ரூபாய்! அவளுக்கு அந்தக் கணக்கு சொல்லப்பட்டதா? சார்பதிவாளர் அலுவலகத்து வாசலில், கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, எங்கே கையெழுத்திட வேண்டும் என்று மட்டும் கேட்டு இட்டுச் செல்லும் சகோதரிகளை நாம் பார்த்ததில்லையா?

‘திருமணத்தின்போது சீர் செய்தோமே’ என்பார்கள். தந்தை உயிரோடிருக்கையில் மகிழ்ந்து கொடுத்தது அன்பளிப்பு. அவருக்குப் பின் இறைவன் வகுத்தது பங்கு. முன்னதைக் காட்டிப் பின்னதை அழிக்க எவருக்கும் அதிகாரம் இல்லை. ‘தங்கையே வேண்டாமென்று சொல்லிவிட்டாள்’ என்பார்கள். தன் பங்கு எவ்வளவென்று அறியாதவள் எதை வேண்டாமென்றாள்? கணக்கைச் சொல்லுங்கள், பணத்தை அவள் கையில் வையுங்கள், அதன் பின்பு அவள் மனமுவந்து திருப்பித் தந்தால் அது கொடை. நாளை தாய்வீடு என்று சொல்லிக்கொள்ள ஓர் இடம் வேண்டுமே என்ற அச்சத்தில் அவள் விட்டுக்கொடுப்பதைக் கொடை என்று சொல்லிக்கொள்ளாதீர்கள்.

வயது வராத பிள்ளைகளின் பங்கு இன்னும் கவனத்துக்குரியது. கணவனை இழந்த தாய், தன் சிறு பிள்ளைகளின் பங்கையும் சேர்த்துக் கிரயம் எழுதிக் கொடுத்துவிடும் வழக்கம் உண்டு. முஸ்லிம் சட்டப்படி தாய் பிள்ளைகளை வளர்க்கும் உரிமை உடையவள். தாய் என்ற முறையில் மட்டும் அவர்களுடைய அசையாச் சொத்தை விற்கும் அதிகாரம் உடையவள் அல்லள். 1918-ஆம் ஆண்டிலேயே பிரிவி கவுன்சில் இதைத் தீர்ப்பாகக் கூறிவிட்டது. நீதிமன்றத்தின் அனுமதியின்றி நடக்கும் அத்தகைய கிரயம் அப்பிள்ளைகளின் பங்கைக் கட்டுப்படுத்தாது. அநாதைகளின் சொத்தைப் பற்றித் திருமறை விடுக்கும் எச்சரிக்கையை நினைவிற்கொள்பவர், இந்தச் சட்டத்தைத் தடையாகக் கருதமாட்டார், பாதுகாப்பாகவே கருதுவார்.

மகளுக்கு வீடு கொடுக்கும் வழக்கமுள்ள காயல்பட்டினம், கீழக்கரை போன்ற ஊர்களில் சிக்கல் வேறு வடிவில் வரக்கூடும். வீட்டை வாய்மொழியாக ஹிபாச் செய்து, மகள் ஏற்று, அனுபவ உரிமையும் அவள் வசம் ஒப்படைக்கப்பட்டிருந்தால் அது செல்லும். பதிவு செய்யாததால் மட்டும் முஸ்லிம்களின் ஹிபா வீணாவதில்லை. ஆனால் கொடுத்தவரும் சாட்சிகளும் கபுருக்குப் போன பிறகு வாங்க வருபவரிடம் எதைக் காட்டுவது? கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்ளும்படி கட்டளையிடும் வசனமே திருக்குர்ஆனின் வசனங்களிலெல்லாம் நீளமானது. எழுத வேண்டியதைத் தந்தை உயிரோடு இருக்கும்போதே எழுதிவிடுங்கள்.

விலையைப் பற்றியும் ஒரு சொல். ‘நேற்றே ஒருவர் இரண்டு இலட்சம் கூடுதலாகக் கேட்டுவிட்டுப் போனார்’ என்று தரகர் சொல்வார். அப்படி ஒருவர் வந்ததே இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். நீங்கள் வாளா இருப்பீர்கள். வாங்கும் எண்ணமின்றி விலையை ஏற்றிவிடும் போலிக் கேள்விக்கு ‘நஜ்ஷ்’ என்று பெயரிட்டு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்திருக்கிறார்கள். தரகரின் நாவில் பிறந்தாலும், அந்தப் பொய் பெற்றுத்தரும் பணம் உங்கள் பெட்டிக்குத்தானே வருகிறது?

பத்திரத்தில் ஒரு விலை, கையில் ஒரு விலை என்ற வழக்கமும் இத்தகையதே. 2023 ஏப்ரலில் தமிழக அரசு பதிவுக் கட்டணத்தை 4 விழுக்காட்டிலிருந்து 2 விழுக்காடாகக் குறைத்தது. 7 விழுக்காடு முத்திரைத் தீர்வையும் சேர்த்தால் 9. நூற்றுக்கு ஒன்பது என்பது சுமைதான், மறுக்கவில்லை. அதற்காகப் பொய் விலையை எழுதி, இரண்டு சாட்சிகளையும் அதன்கீழ் ஒப்பமிடச் செய்யலாமா? அசையாச் சொத்தின் விற்பனையில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் 2015 ஜூன் முதல் தடுத்திருக்கிறது. சட்டத்துக்கு அஞ்சுவது ஒருபுறம் இருக்கட்டும். நாளை அந்தக் கிரயத்தில் வழக்கு எழுந்து, வாங்கியவர் பணத்தைத் திரும்பக் கேட்க நேர்ந்தால், பத்திரத்தில் இல்லாத தொகைக்கு யார் சாட்சி? நீங்கள் எழுதிய பொய்யே அவருடைய ஹக்கை விழுங்கிவிடுமே!

கடைசியாக, அண்டை வீட்டார். நபி (ஸல்) அவர்களால் விடுதலை அளிக்கப்பட்ட அபூ ராஃபிஉ (ரலி) அவர்கள், ஸஅது இப்னு அபீ வக்காஸ் (ரலி) அவர்களின் மனையிடத்தில் இருந்த தம் இரு வீடுகளையும் வாங்கிக்கொள்ளும்படி ஸஅது அவர்களிடமே கேட்டார்கள். 4,000 வெள்ளிக்காசுக்கு மேல் தர இயலாது, அதுவும் தவணையில்தான் என்றார்கள் ஸஅது. வேறொருவர் 500 பொற்காசு தர முன்வந்திருந்தும், அருகில் இருப்பவருக்கே முன்னுரிமை என்று நபிகளாரிடம் தாம் செவியுற்றதை எண்ணி, அபூ ராஃபிஉ அவர்கள் ஸஅதுக்கே அவற்றைக் கொடுத்தார்கள். புகாரீயில் இடம்பெற்ற நிகழ்ச்சி இது.

இந்த ‘ஷுஃப்ஆ’ உரிமை பங்காளிக்கு மட்டுமா, அண்டை வீட்டாருக்கும் உண்டா என்பதில் ஷாஃபிஈ, ஹனஃபீ மத்ஹபுகளிடையே கருத்து வேறுபாடு உண்டு. சென்னை உயர் நீதிமன்றமோ 1870-ஆம் ஆண்டிலேயே இதைச் சட்டமாக ஏற்க மறுத்துவிட்டது. ஆகவே அண்டை வீட்டார் உங்கள்மேல் வழக்குத் தொடர முடியாது. வழக்குத் தொடர முடியாதவருக்கு நாம் செய்வதில்தானே நம் இயல்பு வெளிப்படும்? தரகரிடம் சொல்லுமுன், பாதிச் சுவரைப் பகிர்ந்துகொண்டு நாற்பதாண்டு வாழ்ந்தவரின் வீட்டுக்குச் சென்று ஸலாம் உரைத்துச் செய்தியைச் சொல்லுங்கள். அவர் வாங்காமல் போகலாம். ஆனால் தம் பக்கத்து வீடு விலைபோன சேதியைத் தேநீர்க்கடையில் பிறர் வாயால் கேட்கும் வருத்தம் அவருக்கு இராது.

முன்னொரு காலத்தில் ஒருவர் ஒரு நிலத்தை வாங்கினார். அதில் பொன் நிறைந்த பானை ஒன்றைக் கண்டெடுத்தார். நிலத்தைத்தான் வாங்கினேன், பொன்னை வாங்கவில்லை என்று விற்றவரிடம் அதைக் கொண்டுபோய்க் கொடுத்தார். நிலத்தை அதில் உள்ளவற்றோடு விற்றுவிட்டேன் என்று அவரும் மறுத்தார். வழக்கு நடுவரிடம் போயிற்று. ஒருவருக்கு மகனும் மற்றவருக்கு மகளும் இருப்பதைக் கேட்டறிந்த நடுவர், அவ்விருவருக்கும் மணம் முடித்து, அப்பொன்னை அவர்களுக்குச் செலவிட்டுத் தருமமும் செய்யுமாறு தீர்ப்பளித்தார். நாயகம் (ஸல்) அவர்கள் எடுத்துரைத்த வரலாறு இது.

எனக்கு வேண்டாம், உமக்கே உரியது என்று அவர்கள் வழக்காடினார்கள். நாம் விற்கும் நிலத்தில் பொன் பானை இருக்கப் போவதில்லை. சுவரில் ஓதம் இருக்கும். பத்திரத்தில் ஒரு தங்கையின் பங்கு இருக்கும். அவற்றை மண்ணுக்குள்ளும் பட்டிக்குள்ளும் புதைக்காமல் எடுத்துக் காட்டினாலே போதும்.

வீட்டை விற்கப் போகிறீர்களா? வண்ணம் பூசுபவருக்குச் சொல்லி அனுப்புவதற்கு முன் உங்கள் சகோதரிக்குச் சொல்லி அனுப்புங்கள். பிறகு, அந்த ஈரச் சுவரின்மீது ஒரு முறை உங்கள் கையை வைத்துப் பாருங்கள். அங்கே தட்டுப்படும் ஈரத்தை மறைக்காத மனவலிமையை வல்ல இறைவன் நம் அனைவருக்கும் நல்குவானாக! ஆமீன்.